சுயபரிசோதனையும் லயன் அறையும்

ஒருவர் தம் மூக்கிலிருந்து தாமே மாதிரியை எடுத்துத் தொற்றைக் கண்டறியும் சுயபரிசோதனையை, கொவிட்-19 நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் பரிந்துரைத்தது. வைரஸின் புரதமான அன்டிஜனை இனங்காணும் சிறு அட்டையில் ‘சி’ கோட்டுடன் ‘டி’ கோடும் தெரிந்தால் தொற்று உண்டு. ‘சி’ கோடே தோன்றாவிடில் பரிசோதனை செல்லாது. செய்வதில் சிரமமில்லை. ஆனால் இலங்கையின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில், நாட்சம்பளம் வேலைக்குப் போனால்தான் கிடைக்கும் என்பதாலும், தொழிலாளர் வாழும், அடுத்தடுத்து ஒட்டிய லயன் அறைகளில் தனித்திருக்க இடமில்லை என்பதாலும், அந்த இரண்டாவது கோடு கூலி இழப்பின் அறிவிப்பாகவும் ஆகிவிடுகிறது. இதனால் பரிசோதிக்கத் தயங்குவதை அறியாமை என்பது அநியாயம். சம்பளத்துடன் விடுப்பும், தமிழில் செய்முறைத் தாளும் இல்லாமல் பரிசோதனைப் பெட்டியை மட்டும் கொடுப்பது அரைகுறை வேலையே.