பொதுக் களஞ்சியமும் அதன் சாவியும்

(மாற்றுத்திறனாளிகளுக்குத் தொண்டு செய்யும் சங்கத்தார் கூட்டத்தில் பேசியது)



இன்று நம்மைப் பேசச் சொன்ன விஷயம், மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை செய்யும் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பொதுத் தரவுக் களஞ்சியம் ஏற்படுத்துவது எப்படி என்பதாகும். கம்ப்யூட்டர் சங்கதியாயிற்றே என்று யாரும் எழுந்து போக வேண்டியதில்லை. கணக்கு எழுதும் சங்கதிதான்.

நடக்க முடியாத ஒரு தோழர் சக்கர நாற்காலிக்காக ஒரு சங்கத்துக்குப் போகிறார். பெயரென்ன, வயதென்ன, ஊனம் எப்போது வந்தது என்று அரைமணி நேரம் கேட்டு எழுதுகிறார்கள். தொழிற்பயிற்சிக்கு வேறு சங்கத்துக்குப் போனால் அங்கும் அதே கேள்விகள். மூன்றாவது இடத்திலும் அப்படியே. கடைசியில் ஜில்லாவில் எத்தனை பேருக்கு நாற்காலி வேண்டும் என்று கேட்டால் மூன்று சங்கமும் மூன்று தொகை சொல்லும். அந்தத் தோழர் மூன்று பேராக எண்ணப்பட்டிருப்பார். எந்தச் சங்கத்துக்கும் வந்து சேர முடியாதவரோ ஒருவராகக்கூட எண்ணப்பட்டிருக்க மாட்டார்.

சர்க்கார் கணக்கு இருக்கிறதே என்பீர்கள். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கு இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் பேர், அதாவது 100-க்கு 2.21 பேர் என்றது. தமிழ்நாட்டில் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம். ஆனால் தொகை என்பது கேட்கிற கேள்வியைப் பொறுத்தது. "உமக்கு ஊனம் உண்டா?" என்றால் வெட்கப்பட்டு இல்லையென்பார். "கண்ணாடி போட்டுக்கொண்டும் பார்ப்பதில் சிரமம் உண்டா, எவ்வளவு?" என்றால் உள்ளதைச் சொல்லுவார். வாஷிங்டன் குழு என்னும் சர்வதேசக் குழு வகுத்த 6 கேள்விகள் இந்த மாதிரியானவை. நம் களஞ்சியம் அவற்றிலிருந்து ஆரம்பிக்கட்டும். முன்ஜென்ம வினை என்று சொல்லி அந்த வெட்கத்தை உண்டாக்கினவர்களுக்குக் கணக்கு தேவைப்படவில்லை; உரிமை என்று பேசுகிற நமக்கு அது இல்லாமல் முடியாது.

நிற்க, ஆளுக்கொரு மரக்காலில் அளந்த நெல்லை ஒரே குதிரில் கொட்டினால் கணக்கு வருமா? ஒருவர் வயதை எழுதுகிறார், ஒருவர் பிறந்த வருஷத்தை எழுதுகிறார். 1995-ம் வருஷத்துச் சட்டத்தில் ஊனவகை 7. 2016-ம் வருஷத்துச் சட்டத்தில் 21. ஆகவே வாசலிலேயே ஒரே அளவுக்கு மாற்றித்தான் உள்ளே விட வேண்டும். பழைய பதிவை அழித்துவிட்டுப் புதியதை எழுதாமல், இரண்டையும் தேதியோடு வைக்க வேண்டும்.

மென்பொருள் யாருடையது? நாம் அறிந்த ஒரு சங்கம் ஒரு கம்பெனியின் மென்பொருளில் ஆறு வருஷம் எழுதிற்று. ஒப்பந்தம் முடிந்ததும் தன் கணக்கையே காகிதக் கட்டாகத் திரும்பப் பெற்றது! மூலநிரல் திறந்திருந்தால், ஒருவர் கைவிட்டாலும் இன்னொருவர் எடுத்து நடத்தலாம். 1986-ல் அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலையில் துவங்கிய வேலையிலிருந்து வந்த போஸ்ட்கிரெஸ் அப்படிப்பட்டது, விலை கிடையாது. ஆனால் அதைப் பராமரிக்கிற ஆளுக்குச் சம்பளம் உண்டு என்பதை இலவசம் என்றவுடன் மறந்துவிடாதீர்கள்.

நிரல் திறந்திருக்க வேண்டும் என்றால் ஜனங்களின் சங்கதியும் திறந்து கிடக்க வேண்டுமென்பது அர்த்தமல்ல. பெயரும் முகவரியும் தனிப்பெட்டியில் பூட்டிக் கிடக்கட்டும். களஞ்சியத்தில் ஓர் எண் போதும். பெயரை எடுத்துவிட்டாலும் ஆபத்து தீராது. கண்ணும் காதும் இரண்டும் இல்லாதவர் ஒரு கிராமத்தில் ஒருவர்தான் இருப்பார். "ஒன்று" என்று அச்சிட்டாலே ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகையால் சிறு தொகைகளை வெளியிடக் கூடாது.

சம்மதம் யாரிடம் கேட்பது? 2023-ம் வருஷத்துத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைக்குப் பெற்றோர் சம்மதம் என்று சொன்ன அதே பிரிவில், சட்டப்படி பாதுகாவலர் உள்ள மாற்றுத்திறனாளிக்குப் பாதுகாவலர் சம்மதம் என்கிறது. நாற்பது வயதுத் தோழரையும் குழந்தையையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தது நமக்குச் சம்மதமில்லை. சட்டம் கேட்கிற கையெழுத்தை வாங்குவோம். அதற்கு முன் அந்தத் தோழரிடமே, அவருக்கு விளங்கும் பாஷையில், சைகையானால் சைகையில், கேட்போம். அவர் வேண்டாமென்றால் எழுதக் கூடாது. எழுதாததற்காக நாற்காலியையும் மறுக்கக் கூடாது. நிர்வாகக் கமிட்டியில் பாதிக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளித் தோழர்களே இருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு சங்கமும் இப்போது உபயோகிக்கும் பாரத்தில் ஒரு பிரதி கொண்டுவரட்டும். காலிப் பாரம் போதும், நிரப்பியது வேண்டாம்.