மூளை டாக்டர் கனகா அம்மாவும் நம்ம வீடும்



மூளை ஆபரேஷன்னா ஆம்பளை டாக்டர்தான்னு இருந்த காலம். 1932ல் சென்னையில் பிறந்த டாக்டர் டி.எஸ்.கனகா, 1962 சீனப் போர் சமயத்தில் ராணுவத்தில் மருத்துவராகப் பணி செய்தார். பிறகு டாக்டர் பி.ராமமூர்த்தியின் குழுவில் சேர்ந்து, 1968ல் மூளை அறுவை சிகிச்சையில் பட்டம் பெற்றார். ஆசியாவிலேயே இந்தத் துறைக்கு வந்த முதல் பெண்களில் ஒருவர். மண்டை ஓட்டில் சிறு துளை போட்டுச் செய்யும் சிகிச்சையில் ஆராய்ச்சியும் செய்தார். 2018ல் மறைந்தார்.

அந்த அம்மா படித்த படிப்பில் நமக்கும் ஒரு பாடம் இருக்கு. மூளை, மூடின பாத்திரத்துக்குள்ள இருக்கிற மாதிரி. உள்ளே ரத்தம் கசிந்தால் வெளியேற வழியில்லை, மூளையைத்தான் அழுத்தும். அதனால் பைக்கில் விழுந்தவர் முதலில் நல்லாப் பேசுவார், சில மணி நேரம் கழித்து மயங்கலாம். "வெளியே காயமே இல்லையே"ன்னு வீட்டில் படுக்க வைக்காதீங்க.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கிட்டே போகிற தலைவலி, வலிப்பு, குழறின பேச்சு, காது மூக்கில் ரத்தம், எழுப்பினாலும் தெளியாத மயக்கம் – இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108க்குப் போன் போடுங்க. மயங்கினவருக்குத் தண்ணி, காபி வாயில் ஊத்தாதீங்க.

பணத்துக்காகத் தயங்க வேண்டாம். 2021ல் வந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

சிவகிரி, புளியங்குடி போகும்போது பின்னால் உட்காருகிற நாமும் ஹெல்மெட் போடுவோம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதையும் பேசுங்க.