நச்சும் காற்றும்: ஆய்வகத்தில் ஃபியூம் ஹுட்டின் இடம்

ஆய்வகத்தில் நச்சு உடலுக்குள் புக நான்கு வழிகள் உண்டு: மூச்சு, தோல், வாய், காயம். வாயை மூடிக்கொள்ளலாம். கைக்கு உறை போடலாம். காயத்துக்குக் கட்டுப் போடலாம். மூச்சை மட்டும் நிறுத்திவைக்க முடியாது. அதனால் நச்சு ரசாயனத்தைக் கையாளத் தெரிந்தவர் என்றால், முதலில் காற்றைக் கையாளத் தெரிந்தவர் என்று பொருள். முகத்தை நோக்கி வரும் காற்று ஆபத்து. முகத்தைவிட்டு விலகி ஓடும் காற்று பாதுகாப்பு. மற்ற விதிகள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

ஆனால் கொரோனாவுக்குப் பிறகு ஆய்வகங்களில் நீலக் கையுறை ஒரு மோகமாகவே ஆகிவிட்டது. படம் எடுத்தால் கையுறை, பார்வையாளர் வந்தால் கையுறை. அதே கையுறையோடு செல்போனை எடுக்கிறார்கள், கதவுக் கைப்பிடியைத் திருகுகிறார்கள், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்கிறார்கள். அப்போது கையுறையில் ஒட்டிய ரசாயனம் அறை முழுக்கப் பூசப்படுகிறது. மேலும், எந்தக் கையுறையும் எல்லா ரசாயனத்தையும் தடுப்பதில்லை. மெல்லிய நைட்ரைல் கையுறை நீர்த்த அமிலத்துக்குப் போதும். டைகுளோரோமீத்தேன் பட்டால் ஓரிரு நிமிடம்கூடத் தாங்காது. எந்த ரசாயனத்துக்கு எந்தக் கையுறை என்று அட்டவணை பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இதற்கு உலகம் மறக்கக்கூடாத சான்று அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான். அவர் நச்சு உலோகங்களில் வல்லுநர். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் உயிரணுவுக்குள் எப்படிப் புகுந்து கேடு செய்கிறது என்பதே அவருடைய ஆராய்ச்சியின் மையம். அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில், அதாவது சி.எல்.ஆர்.ஐ.யில், வேலை செய்பவர்களுக்கு அந்தப் பொருளின் ஆபத்து தெரியும். தோலைப் பதனிடுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். புற்றுநோயை உண்டாக்குவது ஆறு இணைதிறன் கொண்டது. தோல் பொருளில் அது இருக்கிறதா என்று டைஃபீனைல்கார்பசைடு சேர்த்து, ஊதா நிறம் வருகிறதா என்று பார்ப்பார்கள். உடம்பில் படும் தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது ஐரோப்பாவில் 2015 முதல் உள்ள விதி.

அப்படிப்பட்ட வல்லுநர் வெட்டர்ஹான். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மம் சில சொட்டுகள் அவருடைய லேட்டெக்ஸ் கையுறையில் விழுந்தன. நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹுட்டுக்குள்தான் வேலை செய்தார். கையுறையும் கண்ணாடியும் அணிந்திருந்தார். அன்றைய வழக்கப்படி எல்லாம் சரி. ஆனால் அந்தச் சேர்மம் லேட்டெக்ஸைச் சில விநாடிகளிலேயே ஊடுருவிவிடும் என்பது பின்னர் நடந்த சோதனையில்தான் தெரிந்தது. மாதங்கள் கழித்து நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. 1997 ஜூனில், 48 வயதில் இறந்தார். கையுறை கடைசி அரண். அதை முதல் அரணாக நம்பக்கூடாது.

முதல் அரண், நச்சே இல்லாத மாற்றைத் தேடுவது. கண்ணாடிக் கருவிகளைக் கழுவப் பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் கலந்த குரோமிக் அமிலம் பழைய வழக்கம். அதில் இருப்பதும் அதே ஆறு இணைதிறன் குரோமியம். ஆய்வகச் சோப்புக் கரைசலில் ஊறவைத்தாலே பெரும்பாலான கருவிகள் சுத்தமாகிவிடும். கழுவுகிற லேப் அட்டெண்டரின் நுரையீரலைக் காக்க இதைவிட எளிய வழி இல்லை.

மாற்று இல்லாத இடத்தில் இரண்டாவது அரண் ஃபியூம் ஹுட். ஆய்வகத்தில் இதற்கு இணையான கருவி வேறு இல்லை. இந்த அளவுக்குத் தப்பாகப் பயன்படுத்தப்படும் கருவியும் வேறு இல்லை. இதன் இயக்கம் எளிது. மாடியில் உள்ள விசிறி, குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சுகிறது. அறைக் காற்று, வேலை செய்பவரின் முதுகுப் பக்கத்திலிருந்து கண்ணாடிக் கதவின் கீழ்த் திறப்பு வழியாக உள்ளே போகிறது. பின்சுவரில் உள்ள இடுக்குகள் வழியாக மேலேறி வெளியேறுகிறது. திறப்பில் காற்றின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர். இந்த அரை மீட்டரை மறக்கக்கூடாது. மனிதர் சாதாரணமாக நடக்கும் வேகமே இதைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஹுட்டுக்கு முன்னால் ஒருவர் வேகமாகக் கடந்து போனாலே போதும். உள்ளே இருந்த ஆவி வெளியே இழுபட்டு வந்துவிடும்.

சென்னை ஆய்வகங்களில் ஹுட்டுக்கு முதல் எதிரி சீலிங் ஃபேன். புழுக்கம் தாங்காமல் ஃபேனை முழு வேகத்தில் சுழலவிடுகிறார்கள். கொதிக்கும் ரசத்துக்கு நேர் மேலே ஃபேன் ஓடினால் ஆவி சமையலறை முழுக்கப் பரவுவது போல, ஹுட்டின் வாசலில் காற்று குழம்பி நச்சு அறைக்குள் திரும்புகிறது. மயிலாப்பூர், அடையாறு பக்கம் மாலையில் வீசும் கடற்காற்றும் ஜன்னல் வழியே வந்தால் இதையே செய்யும். ஏ.சி.யின் வாயும் ஹுட்டைப் பார்த்து இருக்கக்கூடாது. ஹுட் ஓடும்போது அருகில் உள்ள ஃபேன் நிற்க வேண்டும், அருகில் உள்ள ஜன்னல் மூடியிருக்க வேண்டும். வியர்க்கும், வியர்த்தால் பரவாயில்லை.

இரண்டாவது, வேலை நடக்கும் இடம். பாத்திரம் விளிம்பிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். கை உள்ளே, தலை வெளியே. கண்ணாடிக் கதவு முடிந்தவரை கீழே. கதவைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு எட்டிப் பார்ப்பவருக்கு ஹுட் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மூன்றாவது, ஹுட் அலமாரி ஆகிவிடக்கூடாது. பாட்டில்களை உள்ளே அடுக்கினால் பின்சுவர் இடுக்குகள் அடைபடும்; காற்று ஓடாது. காற்று ஓடுகிறதா என்று பார்க்க ஒரு டிஷ்யூ பேப்பர் கீற்று போதும். கதவின் கீழ் விளிம்பில் ஒட்டிவிட்டால், அது உள்பக்கமாகச் சாய்ந்து ஆட வேண்டும். கீற்று தொங்கிவிட்டால் வேலையும் நிற்க வேண்டும். கரண்ட் போனாலும் அதே விதி: பாட்டிலை மூடு, அடுப்பை அணை, கதவை இறக்கு, விலகி நில்.

இந்தக் கருவியின் அருமையை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவில் காணலாம். 1844இல் ஹாலந்துக்காரர் பேட்ரஸ் யாகோபஸ் கிப் வடிவமைத்த கிப் உபகரணத்தில் இரும்பு சல்ஃபைடும் நீர்த்த அமிலமும் சேர்ந்து அதைத் தரும். இரண்டாம் தொகுதி உலோகங்களைப் பிரிக்க, சால்ட் அனாலிசிஸ் செய்த மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அதை நம்பியிருந்தார்கள். அழுகிய முட்டை நாற்றத்தை மூக்கு மிகக் குறைந்த அளவிலேயே கண்டுபிடித்துவிடும். ஆனால் காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு அளவை எட்டும்போது மோப்ப உணர்வே மரத்துப்போகிறது. நாற்றம் நின்றது என்றால் வாயு போய்விட்டது என்று எண்ணக்கூடாது, மூக்கு செயலிழந்திருக்கலாம். மூக்கை நம்பக்கூடாது, காற்றோட்டத்தைத்தான் நம்ப வேண்டும். பாதரசத்துக்கு நாற்றமே கிடையாது.

சென்னை வெயில் தனி எச்சரிக்கை. டைஎத்தில் ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயிலில் சென்னை 40 டிகிரியைத் தொடும். மின்சாரம் நின்ற அறையில் ஈதர் தானே கொதிக்கும் நிலைக்கு வந்துவிடும், அதன் ஆவி சின்னப் பொறியிலும் பற்றும். அடர் அம்மோனியா பாட்டிலைக் கோடையில் பனிக்கட்டி நீரில் குளிர்வித்து, ஹுட்டுக்குள் வைத்து, வாயை எதிர்ப்பக்கம் திருப்பித்தான் திறக்க வேண்டும். இங்கும் விதி ஒன்றே: காற்று முகத்தைவிட்டு விலகி ஓட வேண்டும்.

மற்றவை சுருக்கமானவை. பிப்பெட்டை வாயால் உறிஞ்சக்கூடாது; ரப்பர் பல்பு உண்டு. எந்தக் கரைசலும் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க் பாட்டிலிலோ இருக்கக்கூடாது. பெயரும் தேதியும் எழுதாத பாட்டில் இருக்கக்கூடாது. துப்பட்டாவை லேப் கோட்டுக்குள் அடக்கிக் கட்ட வேண்டும். செருப்புக்குப் பதில் மூடிய ஷூ வேண்டும்.

கடைசியாகக் கழிவு. ஹுட்டில் அடக்கிவைத்த நச்சைத் தொட்டியில் கொட்டினால் காத்த பலன் போய்விடும். டைகுரோமேட் கழிவை அமில ஊடகத்தில் இரும்பு சல்ஃபேட்டால் ஒடுக்கினால் ஆரஞ்சு நிறம் பச்சையாகும். ஆறு இணைதிறன் குரோமியம் மூன்றாக இறங்கும். பின் காரம் சேர்த்து வீழ்படிவாக்கி, லேபிள் ஒட்டிய கலத்தில் சேர்த்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ளது போன்ற அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்ப வேண்டும். சல்ஃபைடு கழிவும் அமிலக் கழிவும் ஒரே குழாயில் சேரவே கூடாது. சேர்ந்தால் அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு நிலத்தடியில் பிறக்கும். பாதாளச் சாக்கடைக்குள் காப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஆனாலும் இறங்குபவர்கள் இறக்கிறார்கள். அவர்களுக்கு ஹுட்டும் இல்லை, கண்ணாடிக் கதவும் இல்லை. அவர்களுடைய மூச்சைக் காப்பதும் ஆய்வகத்தில் வேலை செய்பவரின் கடமையில் சேர்ந்ததே.