கோபத்துக்கும் ஒரு நோட்டு

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை.

என் மூத்த மகனுக்கு ஆட்டிசம். வயது 12. சின்னதில் கத்தினால் தூக்கி இடுப்பில் வச்சுக்குவேன். இப்போ என் உயரத்துக்கு வந்துட்டான், தூக்க முடியுமா? போன வருஷம் என் கையைக் கடிச்ச தழும்பு இன்னும் இருக்கு. நானும் அடிச்சிருக்கேன். அடிச்ச அன்னைக்கெல்லாம் கத்தல் கூடத்தான் செஞ்சுது.

எங்க குழுவில் தீர்மான நோட்டு எழுதுறது நான்தான். அதே மாதிரி இவன் கோபத்துக்கும் ஒரு நோட்டு போட்டேன். எந்த நேரம், அதுக்கு முன்னால என்ன நடந்துச்சுன்னு. ரெண்டு மாசத்தில் புரிஞ்சுது. மிக்சி சத்தம், ரேடியோ செட்டு, சட்டைக் காலரில் உறுத்துற லேபிள், சாப்பாடு நேரம் தவறுறது. ஒரு தடவை நாலு நாள் விடாம கத்தினான். பார்த்தால் கடைவாய்ப் பல் சொத்தை. வலிக்குதுன்னு சொல்லத் தெரியலை, பாவம்.

இப்போ அவன் கத்தும்போது நான் பேசுறதில்லை. தங்கச்சியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துக்குவேன். மீசை அரும்புற வயசு வருது. உடம்பு மாறும், கதவைச் சாத்திக் குளிக்கணும்னு படம் போட்டுக் காட்டுறேன்.

இப்படிப் பிள்ளை உள்ளவங்க அடையாள அட்டை வாங்கிடுங்க. 2016 சட்டத்தில் சொன்ன 21 வகையில் ஆட்டிசமும் உண்டு. புதுக்கோட்டை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்க.

பஸ் ஸ்டாப்பில் அவன் காதைப் பொத்திக்கிட்டுக் கத்தினா, சுத்தி நின்னு "நாலு போடு"ன்னு சொல்லாதீங்க. விலகி நில்லுங்க. என் பையை மட்டும் யாராவது பிடிச்சுக்கிட்டா போதும்.