கதையை நம்பாதே, ஆவணத்தை விடாதே
(பண்பொழியில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



ஆய்வுக் கட்டுரை எப்படி எழுதுறதுன்னு பேசச் சொல்லியிருக்கீங்க. இந்த வட்டாரத்துக்கு ஆய்வாளர்கள் ஒண்ணும் புதுசில்லை. 1981 பிப்ரவரி 19இல் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. அதற்குப் பிறகு பத்திரிகைக்காரர்கள், கட்சித் தலைவர்கள், ஆய்வாளர்கள் என்று ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். அரபு நாட்டுப் பணம்தான் காரணம் என்று எழுதியவர்கள் உண்டு. சாதிக் கொடுமைதான் காரணம் என்று அந்த மக்கள் சொன்னதைப் பதிவு செய்தவர்களும் உண்டு. ஆனா கேள்வி கேட்டது வெளியாளு, பதில் சொன்னது நம்மாளு. இத்தனை காலமும் நாம அடுத்தவன் கட்டுரைக்குத் தரவாகவே இருந்தோம். இன்னைக்கு நீங்க பேனா எடுத்திருக்கீங்க. இது வெறும் மதிப்பெண் சமாச்சாரம் இல்லை.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது ஒருவர் கேட்டார்: "உன் சாதியைப் பத்தி நீயே எழுதினா நடுநிலை இருக்குமா?" ஊர்க் கோயிலைப் பற்றி எழுதுகிற ஆதிக்க சாதிக்காரரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபம் பதிலாகாது, சான்றுதான் பதில். நம்ம கட்டுரையை நம்மைப் பிடிக்காதவன்தான் முதல்ல உரசிப் பார்ப்பான். அவனுக்கு முன்னாடி நாமளே உரசிப் பார்த்துடணும்.

இதுக்கு வழிகாட்டி யாருன்னா அண்ணல்தான். 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், இந்தியச் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அப்போ அவருக்கு வயசு 25. உங்களைப் போல ஒரு மாணவர். 1917இல் அது ஆய்விதழில் அச்சாகிவிட்டது. அது எப்படிக் கட்டப்பட்டிருக்குன்னு பாருங்க. முதலில் செனார், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் ஆகியோரின் வரையறைகளை வரிசையாக எடுத்து வைக்கிறார். யாரையும் திட்டவில்லை, ஒவ்வொன்றிலும் எது நிற்கும், எது நிற்காது என்று சொல்கிறார். பிறப்பால் வரும் உறுப்புரிமை, வெளியே மணம் முடிக்கத் தடை என்று கேட்கர் இரண்டு இயல்புகளைச் சொல்கிறார். அவை ஒரே காசின் இரண்டு பக்கம்தான் என்று காட்டுகிறார். பிறகு அகமணம்தான் சாதியின் உயிர்நிலை என்று தன் கருத்தை வைக்கிறார். சதி, கைம்மை, குழந்தை மணம் எல்லாம் அந்த அகமணத்தைக் காக்கும் ஏற்பாடுகள் என்று நிறுவுகிறார். கடைசியில், தன் கோட்பாடு நிற்காது என்று தெரிந்தால் அதைக் கைவிடவும் தயார் என்கிறார். சாதியால் அவமானப்பட்ட மனிதர் சாதியைப் பற்றிப் பேசும்போது காட்டிய நேர்மை அது.

இப்போ நம்ம மண்ணுக்கு வருவோம். 1911 ஜூன் 17இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை, செங்கோட்டை வாஞ்சி சுட்டுக் கொன்றார், தன்னையும் சுட்டுக்கொண்டார். நம்மிடையே ஒரு கதை உலவுது. பிரசவ வலியில் துடித்த ஒரு தலித் பெண்ணை ஆஷ் அக்கிரகாரத் தெரு வழியாக வண்டியில் கொண்டுபோனார், அந்த ஆத்திரத்தில்தான் கொலை நடந்தது என்கிற கதை. கேக்கும்போது நெஞ்சு நிறையுது. நானும் மேடையில் சொல்லியிருக்கேன்.

ஆய்வு மாணவனாக இதைத் தொட்டால் என்ன செய்யணும்? எங்கே நடந்தது, எந்த வருஷம், முதல்ல எழுதினது யாருன்னு கேக்கணும். செங்கோட்டையில் நடந்ததுன்னு சொல்லக் கேட்டிருக்கேன். ஆனா 1911இல் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. திருநெல்வேலி கலெக்டருக்கு அங்கே என்ன அதிகாரம்? இந்த ஒரு கேள்வியிலேயே கதை ஆட்டம் காணுது. கதையைச் சொல்கிறவர்கள் அந்தக் காலத்து ஆவணம் எதையும் காட்டுவதில்லை.

அப்போ நாம தோத்துட்டோமா? இல்லை. வாஞ்சியின் சட்டைப் பையில் இருந்த கடிதம் கிடைத்திருக்கிறது. அதில் சனாதன தர்மம் வருது, மிலேச்சன் வருது, மாட்டுக்கறி தின்கிற மன்னன் என்ற இழிவு வருது. கையில் இருக்கிற இந்த ஆவணத்தை விட்டுட்டு, நிரூபிக்க முடியாத கதையை ஏன் தூக்கிச் சுமக்கணும்? அந்தக் காலத்திலேயே நம் ஆள் ஒருவர் பத்திரிகை நடத்தினார். அயோத்திதாசரின் தமிழன் இதழ் 1907 முதல் 1914 வரை வந்தது. அந்த எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து, 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. ஆஷ் கொலை நடந்த நாட்களில் அவர் என்ன எழுதினார்னு போய்ப் படிங்க. சென்னை மாகாண அரசின் காகிதங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கு. திருவிதாங்கூர் காகிதங்களுக்குத் திருவனந்தபுரம் போகணும்.

அந்தக் கதையையும் தூக்கி எறிய வேண்டாம். கேள்வியை மாத்துங்க. 'நடந்ததா?' என்பது ஒரு ஆய்வு. 'இந்தக் கதை நம்ம மக்களுக்கு ஏன் தேவைப்பட்டது?' என்பது வேற ஆய்வு. இரண்டையும் போட்டுக் குழப்பினால் இரண்டும் கெடும்.

கடைசியாகச் சில நடைமுறைகள். கேள்வி சின்னதா இருக்கட்டும். 'தென்காசி மாவட்டத்தில் சாதி' என்று எடுத்தால் ஆயுசு போதாது. 'எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் எப்போது, எந்த மனுவால் வந்தது' என்று எடுத்தால் முடிக்கலாம். மனு, பஞ்சாயத்துத் தீர்மானம், தண்ணி சுமந்த கிழவியின் வாய்மொழி எல்லாம் சான்று. ஒவ்வொரு குறிப்பிலும் தேதி, இடம், பக்க எண் எழுதுங்க. அடுத்தவர் சொன்னதை அவர் பேரோட சொல்லுங்க. நம்ம உழைப்பைத் திருடினவங்களைத் திட்டுகிற நாம, இன்னொருத்தர் எழுத்தைத் திருடலாமா? செல்போன் எழுதித் தர்ற பதிலை அப்படியே ஒட்டாதீங்க. அது உங்க தெருவுக்கு வந்ததில்லை. உங்கள் முடிவுக்கு எதிரான சான்று கிடைத்தால் மறைக்காமல் எழுதுங்க. கட்டுரைக்கு அதுதான் பலம்.

இன்னொண்ணு. சேரியில் தகவல் வாங்கினால், வெளியிடலாமான்னு கேட்டுட்டு எழுதுங்க. எழுதினதை அவங்ககிட்டேயே திரும்பக் கொண்டுபோய் வாசிச்சுக் காட்டுங்க. "இப்படி நான் சொல்லலியே தம்பி" என்று ஒரு அம்மா சொன்னால் திருத்துங்க. வெளியே இருந்து வந்தவங்க நமக்கு இதைச் செய்யலை. நாம செய்வோம்.