மலை முதலில், கடல் பிறகு

(நமது குடியிருப்போர் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வரவிருக்கும் ஸ்கூபா – ஜவ்வாது மலைப் பயணம் பற்றி உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது, பார்க்கிங்கில் கோடு போடுவது என்று இரண்டு பெரிய சண்டைகளை முடித்துவிட்டுக் களைத்துப் போயிருக்கிறீர்கள். இந்த நேரத்தில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிய செயலாளருக்கு நன்றி.

நம் சி பிளாக் இளைஞர்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் பயணத் திட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமை விடியற்காலை இங்கே சென்னையிலிருந்து கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி. அங்கே காலையிலேயே ஸ்கூபா டைவிங். மதியம் நேராக ஜவ்வாது மலை. இரவு காவலூரில் நட்சத்திரம் பார்த்துவிட்டு ஜமுனாமரத்தூரில் தங்கல். ஞாயிறு மாலை வீடு. லீவு போட வேண்டாம், செலவும் கம்மி.

நல்ல திட்டம்தான். ஒரே ஒரு மாற்றம் மட்டும் கேட்கிறேன். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். மலை முதலில், கடல் கடைசியில். இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. இதே தப்பை இதே பாதையில் நான் செய்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு நானும் அலுவலக நண்பர் ஒருவரும் புதுச்சேரியில் ஒரே காலையில் இரண்டு முறை கடலுக்குள் இறங்கினோம். பதினொரு மணிக்குக் கரையேறிவிட்டோம். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, போளூர் என்று ஓட்டிப்போய், பொழுது சாயும்போது ஜமுனாமரத்தூரில் இருந்தோம். சாப்பிட்டு முடித்த சிறிது நேரத்தில் இடது தோளில் ஒரு வலி. எலும்புக்குள் இருந்து வருவது மாதிரி. நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்த வலி என்று தைலம் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க ஒன்றும் குறையவில்லை. கொஞ்ச நேரத்தில் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல ஆரம்பித்தது.

நண்பர்தான் சந்தேகப்பட்டு டைவிங் பயிற்சியாளருக்குப் போன் செய்தார். அவர் என்ன வலி என்றுகூடக் கேட்கவில்லை. "எங்கே இருக்கீங்க?" என்றார். மலைமேல் என்றதும், "உடனே கீழே இறங்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போய் ஆக்சிஜன் வைக்கச் சொல்லுங்க" என்றார். அந்த இருட்டில் கொண்டை ஊசி வளைவுகளில் நண்பர் வண்டியை இறக்கியதை நான் மறக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்தார்கள். விடியும்போது வலி தணிந்தது. அத்தோடு போனது என் அதிர்ஷ்டம்.

பயிற்சியாளர் மேல் தப்பில்லை. கடலில் இறங்கும் முன் ஒரு படிவம் கொடுத்திருந்தார். டைவ் முடிந்ததும் விமானத்தில் ஏறக்கூடாது, உயரமான இடத்துக்குப் போகக்கூடாது என்று அதில் இருந்தது. நான் 'விமானம்' என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு, நாம் காரில்தானே போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். ரோடு ட்ரிப் போகிறவர்கள் எல்லோரும் விழும் குழி இதுதான்.

விஷயம் என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். முதுகில் கட்டும் சிலிண்டரில் ஆக்சிஜன் இருக்கிறது என்று பலர் நினைக்கிறோம். சாதாரண டைவிங்கில் அதில் இருப்பது நாம் இப்போது சுவாசிக்கும் காற்றேதான், அமுக்கி அடைத்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் கூடுதலாக ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. நிதானமாக மேலே வந்தால், கரைந்தது மூச்சு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். ஆனால் முழுவதும் வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் அழுத்தம் இன்னும் குறைந்த இடத்துக்குப் போனால்? கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்வரை உள்ளே ஒன்றும் தெரியாது. கோலியை அழுத்தியதும் குமிழி குமிழியாகப் பொங்கும். அது மூட்டிலும் நரம்பிலும் நடந்தால் நான் பட்ட பாடு. தண்டுவடத்தில் நடந்தால் கால் வராமல் போகலாம்.

'ஜவ்வாது மலை என்ன இமயமலையா?' என்று அன்று நானும் கேட்டிருப்பேன். காவலூர் வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவு. நம்பாதவர்கள் சென்னையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டை ஆலங்காயத்துக்கு மேலே மலை ஏறியதும் தொட்டுப் பாருங்கள், உப்பியிருக்கும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற சர்வதேச அமைப்பின் வழிகாட்டுதல், 2,000 அடி, அதாவது சுமார் 610 மீட்டரிலிருந்தே பொருந்துகிறது. ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம். விமானத்துக்கும் இதுதான், காரில் மலை ஏறுவதற்கும் இதுதான். நம் மாதிரி ஆட்களுக்குக் கணக்குப் போடாமல் 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இது ஜவ்வாதுக்கு மட்டும் இல்லை. புதுச்சேரியில் டைவ் செய்துவிட்டு அன்று இரவே பெங்களூருக்குக் காரில் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். பெங்களூர் காவலூரைவிட உயரம், 900 மீட்டருக்கு மேல். ராமேஸ்வரத்தில் டைவ், அன்றைக்கே மதுரை வழியாகக் கொடைக்கானல் என்பதும் ஆபத்தான வரிசை. கொடைக்கானல் 2,100 மீட்டர்.

சரி, திருப்பிப் போட்டால் பயணம் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பி வேலூர், வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூர். வானாய்வகத்தில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், கிளம்பும் முன் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 1986-ல் ராஜீவ் காந்தி அதைத் தொடங்கி வைத்தபோதுதான் வைணு பாப்புவின் பெயரை வானாய்வகத்துக்கு வைத்தார்கள். யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்பது 1977-ல் தெரியவந்தபோது, அதைக் கவனித்த இடங்களில் இந்த மலையும் ஒன்று. குழந்தைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். அமாவாசைக்குப் பக்கத்துச் சனிக்கிழமையாகப் பார்த்துத் தேதி வையுங்கள். நிலா இருந்தால் பாதி வானம் போச்சு. ஜமுனாமரத்தூருக்கு ரொம்ப இருட்டும்வரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள், காட்டுச் சாலை அது.

ஞாயிறு காலை ஜமுனாமரத்தூரில் சாமையும் தேனும் வாங்கலாம். மலைவாழ் மக்கள் விளைவித்தது, பேரம் பேசாதீர்கள். பிறகு போளூர், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி. சுமார் 185 கிலோமீட்டர். செஞ்சிக் கோட்டையை வெயிலில் ஏறாதீர்கள், கீழே நின்று பார்த்தால் போதும். மறுநாளுக்குத் தெம்பு வேண்டும்.

திங்கள் காலை டைவ். பிறகு கடற்கரைச் சாலையில் வீடு. மரக்காணம் உப்பளம், கடப்பாக்கம் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை என்று பார்த்துக்கொண்டே வரலாம். வழி முழுக்கக் கடல் மட்டம், ஏற்றமே இல்லை.

ஒரு நாள் லீவு போகிறதே என்பீர்கள். போகட்டும். அந்த லீவு பணமாகத் திரும்பி வருகிறது. புதுச்சேரியில் வார இறுதி அறை வாடகைக்கும் ஞாயிறு இரவு வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் போன் செய்து கேட்டுப் பாருங்கள். ஊரே காலி செய்துகொண்டு வெளியே வரும்போது நாம் உள்ளே போவோம். டைவிங்கிலும் திங்கட்கிழமை கூட்டம் குறைவு, ஒரு பயிற்சியாளர் நம்மை நிதானமாகக் கவனிப்பார்.

பெட்ரோல் கணக்கு: மொத்தச் சுற்று சுமார் 600 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கொடுக்கும் கார் என்றால் 40 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 4,000. நான்கு பேர் பகிர்ந்தால் தலைக்கு ஆயிரம், டோல் தனி. ஆகவே ஒரு காரில் இரண்டு பேர் என்று யாரும் வராதீர்கள், இருக்கை காலி இருந்தால் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். தங்குவது, சாப்பாடு எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்கலாம். ஏ பிளாக் மாமி ஏற்கெனவே புளியோதரைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்.

டைவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். செலவில் பாதிக்கு மேல் அதுதான் வரும், அதனால்தான் கை அங்கேயே போகும். மலிவாகச் சொல்லும் இடத்தில் இதையெல்லாம் கேளுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? கடலுக்கு முன் ஆழமில்லாத தண்ணீரில் பழக்குவார்களா? படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? கடல் கொந்தளித்து ரத்தானால் பணம் திரும்புமா? பதில் சொல்ல முணுமுணுத்தால் வேறு இடம் பாருங்கள். புகைப்படத்துக்குத் தனிக் காசா என்பதையும் கேட்டுவிடுங்கள், எனக்கு அதில் ஒரு தொகை பழுத்தது.

முதல் முறை போகிறவர்களுக்கான அறிமுக டைவுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 12 மீட்டருக்கு மேல் ஆழம் போக மாட்டார்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கடல் இல்லை, கரையில் மணல்தான். அழுது பிரயோஜனம் இல்லை என்று இப்போதே சொல்லி வையுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவைச் சிகிச்சை இதெல்லாம் இருந்தவர்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே இறங்கலாம். கர்ப்பிணிகள் கூடவே கூடாது. சளி பிடித்திருந்தாலும் இறங்காதீர்கள், காது அடைத்துக்கொண்டால் செவிப்பறைக்கு ஆபத்து. படிவத்தில் 'இல்லை, இல்லை' என்று வரிசையாக டிக் அடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அங்கே வேண்டாம்.

தண்ணீருக்குள் மறக்கக்கூடாதது ஒன்றே ஒன்று: மூச்சை அடக்காதீர்கள். நமக்குக் குளத்தில் முங்கிய பழக்கம், தலை உள்ளே போனால் தானாக மூச்சைப் பிடிப்போம். இங்கே நேர்மாறு. விட்டு விட்டு நிதானமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று. புதுச்சேரியில் எது மலிவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு இரவு அது வேண்டாம். உடம்பில் நீர் வற்றினால் நான் சொன்ன நைட்ரஜன் பிரச்சினை கூடும். திங்கள் காலை இரண்டு இட்லி, நிறையத் தண்ணீர், அவ்வளவுதான்.

மாதம்: பிப்ரவரி அல்லது மார்ச். வடகிழக்குப் பருவமழை முடிந்து கடல் அடங்கியிருக்கும், காவலூர் வானமும் தெளிவாக இருக்கும். பீமன் அருவியில் மட்டும் அப்போது தண்ணீர் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அருவி, கடல், வானம் மூன்றும் ஒரே மாதத்தில் கிடைக்காது. அருவிதான் முக்கியம் என்பவர்கள் மழைக்குப் பிறகு தனியாக ஒரு முறை போய் வரட்டும்.

பெயர் கொடுக்கும் நோட்டு செக்யூரிட்டி அறையில் இருக்கிறது. பெயருக்கு எதிரே டைவ் செய்வீர்களா, கரையில் இருப்பீர்களா என்று எழுதுங்கள். காரில் எத்தனை இருக்கை காலி என்பதையும் எழுதுங்கள். மலையா, கடலா எது முதலில் என்று யாராவது மறுபடி ஓட்டு எடுக்கலாம் என்றால், என் வீடு பி பிளாக் இரண்டாவது மாடி. காபி குடித்துக்கொண்டே பேசலாம்.