இருதய பலவீனமும் பரம்பரைக் கூறும்

(ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



குலத்தின் பெருமையைப் பேசக் கூடும் சபைகள் அநேகம் உண்டு. குலத்தாரின் தேகசுகத்தைப் பற்றிப் பேசுவது அதனினும் மேலான கடமையென எண்ணி, இன்று இருதய நோயைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற வந்தேன்.

இருதய பலவீனம் என்பது இருதயம் நின்றுபோவதன்று. தேகத்திற்கு வேண்டிய இரத்தத்தைச் செலுத்தும் வல்லமை அதற்குக் குறைந்துபோவதேயாம். மூச்சு வாங்குதல், கால் வீங்குதல், படுத்தால் திணறுதல் ஆகியவை இதன் குறிகள். இரத்த அழுத்தம், நீரிழிவு, புகையிலை, மது ஆகியவை இதற்குக் காரணங்களென யாவரும் அறிவர். ஆயினும், ஒரே விதமாய் வாழும் இருவருள் ஒருவர் நோயுற மற்றவர் சுகமாயிருப்பதேன்? ஒரே மருந்து ஒருவருக்குப் பலித்து மற்றவருக்குப் பலியாததேன்? இவற்றிற்குரிய விடையில் ஒரு பங்கு, முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற மரபணுக்களில் இருக்கிறது.

2009-ஆம் வருஷம் ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் குமாரசாமி தங்கராஜ், மதுரைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த தண்டபாணி முதலியோர் ஓர் உண்மையை வெளியிட்டனர். இருதயத் தசையின் புரதமொன்றை ஆக்கும் மரபணுவில் 25 எழுத்துக்கள் விடுபட்டிருக்கும் மாறுதல், இந்தியருள் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம் காணப்படுகிறதென்றும், இருதயத் தசைநோயுள்ளவரிடம் அது மிகுதியென்றும் கண்டனர். பின்வந்த ஆராய்ச்சிகளோ, அவ்விடுபாடு மாத்திரம் நோய்க்குப் போதாதென்றும், அதனுடன் சேர்ந்துவரும் வேறு மாறுதல்களே சிலரிடம் தீங்கு செய்கின்றனவென்றும் கூறுகின்றன. ஆகையால் மரபணு மாறுதல் எச்சரிக்கையேயன்றி விதியாகாது.

மருந்தின் விஷயமும் இத்தகையதே. இருதய பலவீனத்திற்குக் கொடுக்கும் மெட்டோப்ரோலால் என்னும் மருந்தை ஈரலிலுள்ள ஒரு நொதி சிதைக்கிறது. அது பிறப்பிலேயே மந்தமாயிருப்போரின் இரத்தத்தில் மருந்து மிகுந்து நின்று, நாடித்துடிப்பை அதிகமாய்த் தாழ்த்தக்கூடும். இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரலோ, வேறொரு நொதி மாற்றிய பின்னரே வேலை செய்யும். அந்நொதி குன்றியவர்க்கு அதன் பலனும் குன்றும். இவ்விரண்டாம் நொதியின் பேதங்களைத் தென்னிந்தியரிடம் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கின்றனர்.

குலத்திற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். தமக்குள்ளேயே நெடுங்காலம் மணம்புரியும் கூட்டத்தில், முன்னோர் ஒருவரிடமிருந்த மாறுதல் பலரிடம் வந்து தங்குகிறது. மயக்க மருந்துடன் கொடுக்கப்படும் சக்சினில்கோலினைச் சிதைக்கும் நொதி, வைசிய சமூகத்தாருள் சிலருக்கு இல்லாதிருப்பதன் மரபணுக் காரணத்தைக் கோயமுத்தூர் ஆராய்ச்சியாளர் 2006-இல் வெளியிட்டனர். அத்தகையோர்க்கு அம்மருந்து கொடுத்தால், சில நிமிஷங்களில் திரும்பவேண்டிய மூச்சு நெடுநேரம் திரும்பாது. முன்னரே அறிந்தால் வைத்தியர் வேறு மருந்தைக் கையாளுவார். அறிவு உயிரைக் காக்கும்.

ஆனால் சாதியைக் கேட்டு மருந்தெழுதுவதும் தகாது. 2005-இல் அமெரிக்காவில் இருதய பலவீனத்திற்கான ஒரு கூட்டு மருந்து கறுப்பினத்தார்க்கென்றே அங்கீகரிக்கப்பட்டபோது, தோல்நிறம் மரபணுவாகாதென அறிஞர் பலர் கண்டித்தனர். குலம் ஒரு குறிப்பே, பரிசோதனையே பிரமாணம்.

மலையிறங்கித் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ போய்ச் சேரவேண்டிய நமக்கு முன்னெச்சரிக்கையே முதல் வைத்தியம். சம்பந்தம் பேசுமிடத்துத் தடை வருமென்றஞ்சி, இளவயதில் நேர்ந்த திடீர் மரணத்தை மறைக்கும் வழக்கம் ஒழியவேண்டும். அதை மறைப்பவர், பிறக்கப்போகும் பேரப்பிள்ளையிடமும் மறைக்கிறார். மூன்று தலைமுறை நோய்விவரத்தை வீடுதோறும் எழுதிவைப்பீர்களாக. இருதயத் தசைநோய் ஒருவருக்குக் கண்டால், உடன்பிறந்தாரும் மக்களும் ஈ.ஸி.ஜி., எக்கோ பரிசோதனைகள் செய்துகொள்வது அவசியம். ஒவ்வாத மருந்தின் பெயரைச் சீட்டில் குறித்து வைத்தியரிடம் காட்டுங்கள். அவரைக் கேளாமல் எம்மருந்தையும் நிறுத்தற்க.

முன்னோர் தந்த நிலத்தின் பத்திரத்தை நாம் பத்திரமாய்க் காக்கிறோம். அவர்கள் தந்த உடலின் விவரத்தையும் அங்ஙனமே காப்போமாயின், நம் சந்ததியார் நீடு வாழ்வர்.